புதுக் காரில் பிறேக் இறுகினால் "ஓட ஓடச் சரிவரும்" என்பதை நம்பாதீர்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் அண்மையில் புதுக் கார் எடுத்தவர்களும் எடுக்க இருப்பவர்களும் இதைக் கட்டாயம் வாசியுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள். அதுவரை காத்திருந்த சனத்தோடு சனமாக நாங்களும் முற்பணம் கட்டினோம். பிள்ளைகளை ஏற்றி ஓடுகிற வாகனம், பாவித்தது வேண்டாம், புதிதென்றால் பயமில்லை என்று வீட்டில் எல்லோரும் பேசி எடுத்த முடிவு அது. மிச்சப் பணத்துக்கு லீசிங். முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கே கொண்டுவந்தோம்.

கொஞ்ச நாளில், இடைக்கிடை பிறேக் பெடல் இறுகத் தொடங்கியது. எப்போதும் இல்லை, அதுதான் சிக்கல். உடனே விற்றவர்களுக்குப் போன் எடுத்தேன். "புது வாகனம் ஐயா, ஓட ஓடச் சரிவரும். உங்களுக்குக் கால் பழகவேணும்" என்றார்கள். நான் பல வருடமாக வாகனம் ஓடுகிறவன். என் காலில் பிழை இல்லை என்று அப்போதே சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் விசுவமடு தாண்டி வருகிறோம், பொழுதுபடுகிற நேரம். அந்த நேரத்தில் மாடுகள் பட்டிக்குத் திரும்பும் என்று தெரிந்து மெதுவாகத்தான் வந்தேன். பற்றைக்குள் இருந்து ஒரு பசுவும் பின்னாலேயே கன்றும் றோட்டில் ஏறின. மிதித்தேன், பெடல் கல்லாகி நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சீற்றில் இருந்து எழும்பி முழுப் பாரத்தையும் போட்டு மிதித்தும் வேகம் லேசாகத்தான் குறைந்தது. ஹான்ட் பிறேக்கையும் இழுத்துக் கிரவல் கரையில் இறக்கித்தான் நிறுத்தினேன். பின்சீற்றில் பிள்ளைகள் இரண்டும் அழ ஆரம்பித்துவிட்டன. எதிரே ஒரு டிப்பர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

யாழ்ப்பாணத்தில் உள்ள, கார் விற்றவர்களுடைய சேர்விஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். ஒரு பையன் வளவுக்குள்ளேயே சுற்றி ஓடிப் பார்த்துவிட்டு இறங்கினான். ஜொப் காட்டில் ‘குறை எதுவும் இல்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பம் கேட்டார்கள். நான் வைக்கவில்லை. ஏ9 வீதியில் என்னோடு ஒருவர் வந்து ஓடிப் பாருங்கள் என்று கேட்டேன், ஆள் இல்லை என்றார்கள்.

அப்புறம் கிளிநொச்சியில் தெரிந்த கராஜ் அண்ணையிடம் காட்டினேன். வெளியில் கழற்றினால் வொறன்ரி போய்விடும் என்று அவர் எதிலும் கைவைக்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து தரம் மிதிக்கச் சொன்னார். இறுகிய பிறகு காலை எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டு எஞ்சினைப் போடச் சொன்னார். எஞ்சின் உயிர்பெற்றதும் பெடல் கொஞ்சம் கீழே இறங்கவேண்டும். எங்களுடையது அசையவே இல்லை. பொனற்றைத் திறந்து காதை வைத்தால் ‘ஸ்ஸ்’ என்று காற்று இழுபடும் சத்தம். நாங்கள் மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தருவது பிறேக் பூஸ்டர். அதற்குக் காற்றை உறிஞ்சும் விசையை (வக்கியூம்) கொண்டுபோகிற ஹோஸ் நுனியில் கிளிப் இறுகாமல், ஹோஸ் பாதி கழன்ற நிலையில் இருந்தது. பூஸ்டருக்கு வக்கியூம் கிடைக்காவிட்டால் முழுக் காரையும் உங்கள் கால் பலத்தால் மட்டும்தான் நிறுத்தவேண்டும். கழன்ற ஹோஸ் சிலவேளை பொருந்தி இருக்கும், சிலவேளை விலகும். அவர்களுடைய வளவில் குறை தெரியாமல் போனதும் இதனால்தான்.

எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்தேன். அதைக் காட்டியதும் சேர்விஸ் மனேஜரின் பேச்சு மாறிவிட்டது. ஹோஸையும் கிளிப்பையும் மாற்றித் தந்தார்கள். ஆனால் ஜொப் காட்டில் எழுதியது ‘பொதுப் பரிசோதனை’ என்று. பிறேக் என்ற சொல்லே அதில் இல்லை. எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். கிளிப் இறுகாமல் போவது எங்கேயும் நடக்கலாம். நடந்ததை எழுத மறுத்தால், இதே தொகுதியில் வந்த மற்றக் கார்களை யார் திறந்து பார்ப்பார்கள்?

காரைத் திருப்பிக் கொடுப்பதும் லேசில்லை. லீசிங் முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் லீசிங் கொம்பனிதான். கார் கராஜில் கிடந்தாலும் தவணை நிற்காது. அதனால் விற்றவர்களுக்கு எழுதும் கடிதத்தின் பிரதியை லீசிங் கொம்பனிக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளைப் பற்றி வாங்கி மூன்று மாதத்துக்குள் அந்தச் சபைக்கு எழுத்தில் முறையிடவேண்டும். "அடுத்த சேர்விசில் பார்ப்போம்" என்று அவர்கள் இழுத்தடித்தால் அந்த மூன்று மாதம் போய்விடும். சபையின் அவசர இலக்கம் 1977.

என் முறைப்பாட்டை அனுப்பிவிட்டேன். இப்படி வக்கியூம் பூஸ்டர் உள்ள புதுக் கார் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே முற்றத்தில் நிறுத்தி அந்தப் பெடல் சோதனையைச் செய்து பாருங்கள். பெடல் இறங்காவிட்டால் அந்தக் காரை றோட்டில் எடுக்கவே வேண்டாம், அவர்களையே வந்து ஏற்றிப் போகச் சொல்லுங்கள். உங்களுக்கும் இதே குறை இருந்தால் ஜொப் காட்டின் படத்தோடு எனக்குத் தனியே எழுதுங்கள். சேர்த்து அனுப்புகிறேன்.