மே 1 லீவுல காலேஜ் பசங்க என்ன பண்ணலாம்: சால்வையா, ஊர்வலமா, கிராம சபையா, நலவாரியப் பதிவா?

ஏப்ரல் கடைசி வாரம் வந்தாலே எங்க டிபார்ட்மெண்ட் வாட்ஸாப் குரூப்ல பேச்சு ஆரம்பிச்சிடும், மே தினத்துக்கு இந்த வருஷம் என்ன பண்ணப் போறோம்னு. நாலு வருஷம் நாலு விதமா பண்ணிப் பாத்தாச்சு. அதுல எது உருப்படியா இருந்துச்சுன்னு ஜூனியர்ஸ் கேட்டுட்டே இருக்காங்க, அதான் எழுதுறேன்.

முதல் வருஷம் பண்ணது எல்லாரும் பண்றதுதான். ஹவுஸ்கீப்பிங் அக்காங்க, மெஸ் அண்ணனுங்க, வாட்ச்மேன் தாத்தா எல்லாரையும் ஆடிட்டோரியத்துக்கு கூப்பிட்டு சால்வை போட்டு, ஸ்வீட் பாக்ஸ் குடுத்து, பிரியாணி போட்டோம். மனசார பண்ணோம், அதுல பொய் இல்ல. ஆனா முன் வரிசைல ஒரு அக்கா சால்வைய மடிச்சு மடியில வச்சுக்கிட்டு சுவத்துக் கடிகாரத்தையே பாத்துட்டு இருந்தாங்க. என்னக்கா ஆச்சுன்னு கேட்டா, "இன்னைக்கு எனக்கு லீவுப்பா, இதுக்காகத்தான் ரெண்டு பஸ் மாறி வந்தேன், வீட்ல துணியெல்லாம் அப்படியே கெடக்கு"ன்னாங்க. அவங்களுக்குன்னு வர்ற ஒரு நாள் லீவ நாமளே எடுத்துக்கிட்டோம்! அதுக்கப்புறம் எந்த ஐடியா வந்தாலும் நான் பாக்குறது ஒண்ணுதான், அவங்க கைல இருந்து ஏதாவது போகுதா, இல்ல அவங்க கைக்கு ஏதாவது வருதா. தமிழ்நாட்டுல 1958ஆம் வருஷத்து தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டத்துல மே 1 சம்பளத்தோட லீவுன்னு இருக்கு, அன்னைக்கு வேலை வாங்கினா டபுள் சம்பளமோ மாத்து லீவோ குடுக்கணும். உங்க கேம்பஸ்ல கான்ட்ராக்ட்ல இருக்கிறவங்களுக்கு இது கிடைக்குதான்னு ஒருவாட்டி விசாரிங்க, சால்வைய விட அது பெருசு. விழா வச்சே ஆகணும்னா வேற நாள் வைங்க, வேலை நேரத்துக்குள்ளயே வைங்க.

ரெண்டாவது வருஷம் ஊர்வலம். சென்னைல இருக்கிறவங்க ஒரு தடவையாவது போகணும்னு நான் சொல்வேன். இந்தியாவுலயே முதல் மே தினத்தை 1923ல தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் கொண்டாடினது இதே மெட்ராஸ் கடற்கரைலதான், ஹைகோர்ட் எதிர்ல ஒரு கூட்டம், திருவல்லிக்கேணி பீச்ல ஒரு கூட்டம். மெரினா உழைப்பாளர் சிலைய தினம் பஸ்ல கடந்து போறோம், பக்கத்துல நின்னு பாருங்க, அந்த நாலு பேரும் பாறைய நெம்புற முதுகும் காலும் எப்படி முறுக்கிட்டு இருக்குன்னு. அங்க வர்ற பெரியவங்ககிட்ட பேச்சு குடுத்தா வரலாறு தானா வரும். 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழி விடுற மசோதா நம்ம சட்டசபைல பாஸ் ஆச்சு, தொழிற்சங்கங்க எல்லாம் ஒண்ணா எதிர்த்து, கடைசில மே 1 அன்னைக்கே வாபஸ்னு முதல்வர் அறிவிச்சாரு. எட்டு மணி நேர வேலைங்கிறது, அதுக்காக 1886ல சிகாகோ தொழிலாளிங்க நடத்துன போராட்டத்தோட முடிஞ்ச கதை இல்லன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சது, ஐடி வேலைக்குப் போகப்போற நமக்கும் அது நம்ம விஷயம்தான். குறைன்னு பாத்தா, நமக்கு நிறைய கிடைக்குது, அங்க வர்ற தொழிலாளிங்களுக்கு நாம எதுவும் குடுக்கல.

மூணாவது கிராம சபை. இது ஊருக்குப் போற ஹாஸ்டல் பசங்களுக்கு. மே 1 கிராம சபை நடக்குற நாள்னு பாதிப் பேருக்குத் தெரியல. ஊர் வோட்டர் லிஸ்ட்ல பேர் இருந்தா போதும், நீங்களும் பேசலாம். நான் போன அன்னைக்கு, கூட்டம் ஆரம்பிக்கும்போதே நோட்டுல கையெழுத்து வாங்க ஆரம்பிச்சாங்க, நான் வரவு செலவு படிச்சிட்டு கையெழுத்து வாங்கலாமேன்னு கேட்டேன், அவ்ளோதான், பின்னாடி உக்காந்திருந்த நூறு நாள் வேலை அம்மாங்க கூலி பாக்கிய பத்தி வரிசையா கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. கோரிக்கைய எழுதியே கொண்டு போங்க, தீர்மானமா பதிய சொல்லுங்க.

நாலாவதுதான் என்னோட ஓட்டு, நலவாரியப் பதிவு. கட்டட வேலை, வீட்டு வேலை, ஆட்டோ, தையல், தெருக்கடைன்னு ஒவ்வொண்ணுக்கும் தமிழ்நாட்டுல நலவாரியம் இருக்கு, புள்ளைங்க படிப்புக்கு உதவித்தொகை, விபத்துன்னா நிவாரணம், 60க்கு மேல பென்ஷன். நிறைய பேர் இ-ஷ்ரம் கார்டு இருக்கே அதுவே போதும்னு நினைக்கிறாங்க. அது அமைப்புசாரா தொழிலாளிங்களுக்கான சென்ட்ரல் கவர்மெண்ட் பதிவு, 16ல இருந்து 59 வயசு வரைக்கும், பதியக் காசு கிடையாது, 12 இலக்க நம்பர் வரும். நலவாரியம் தனி, ரெண்டும் தனித்தனியா பதியணும். நாங்க யாரையும் கேம்பஸுக்கு கூப்பிடல, சாயங்காலம் அவங்க தெருவுக்கே ரெண்டு லேப்டாப் தூக்கிட்டுப் போனோம். நாங்க மாட்டிக்கிட்டது ஓடிபில, ஆதாரோட லிங்க் ஆன நம்பர் எப்பவோ தொலைஞ்ச போனோடதா இருக்கும், இல்ல மருமகன் வேலைக்கு கொண்டு போயிருப்பாரு. அதனால முந்தின வாரமே போய் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், போன் நம்பர் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டு வந்துடுங்க. இந்த வேலைதான் பாக்குறாங்கன்னு ஒரு சான்றும் வேணும், அங்கதான் நிறைய பேர் நின்னு போறாங்க, அதுக்கு கூடவே அலையணும், ஒரே நாள்ல முடியாது.

பூ கட்டுற பாட்டி ஒருத்தங்க எல்லா பேப்பரையும் மஞ்சப் பையில பத்திரமா வச்சிருந்தாங்க, எடுத்துப் பாத்தா வயசு 63. அறுபது தாண்டினா புதுசா பதிய முடியாது பாட்டின்னு நான்தான் சொல்ல வேண்டியதா போச்சு. "நாலு வருஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா ராசா"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் வரல.

அதனால போகும்போது 55 தாண்டினவங்க வீட்ட முதல்ல பாருங்க. ஆதார் போட்டோ எடுத்திருந்தா வேலை முடிஞ்சதும் அவங்க கண்ணு முன்னாடியே டெலீட் பண்ணிடுங்க.