‘விசாரணை’யை அதன் இரண்டாம் பாதிக்காகப் பார்க்க வேண்டும்

வெற்றிமாறன் இயக்கத்தில் 2016 பிப்ரவரியில் திரைக்கு வந்த ‘விசாரணை’யைப் பற்றிப் பேச்சு வந்தால், பெரும்பாலோர் முதலில் குறிப்பிடுவது குண்டூர் காவல் நிலையத்தில் விழும் அடிகளைத்தான். அதைப் பார்க்கத் தாங்காமல் பாதியிலேயே நிறுத்திவிட்டதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள்மீது குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் நிறுத்திய இடத்துக்குப் பிறகுதான் இந்தப் படம் மற்ற காவல்துறைப் படங்களிலிருந்து விலகித் தனக்கென ஒரு வழியில் நடக்கத் தொடங்குகிறது என்பதால், அவர்கள் மறுபடியும் அதன் முன் அமர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கதையின் முதல் பகுதி, கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரான மு. சந்திரகுமார், 1980-களில் குண்டூரில் காவலர்களிடம் சிக்கிப் பட்ட பாட்டை வைத்து எழுதிய ‘லாக்கப்’ நாவலிலிருந்து வருகிறது. பாண்டி, முருகன், அஃப்சல், குமார் என நான்கு தமிழ்த் தொழிலாளிகள் அந்நகரில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டு, பூங்காவில் படுத்துறங்கிக் காலம் தள்ளுகிறார்கள். பெரிய இடத்தில் நடந்த ஒரு திருட்டுக்கு உடனடியாக யாரையாவது கணக்குக் காட்டியாக வேண்டிய நெருக்கடியில் இருக்கும் காவலர்களுக்கு அவர்கள் கிடைக்கிறார்கள். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கான அடி தொடங்குகிறது.

இந்த அடிக்கு ஒரு காரண காரியம் இருக்கிறது என்பதைப் படம் விளக்கிச் சொல்லாமலே உணர்த்துகிறது. இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, காவல் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்றது. ஆகவே காவல் நிலையத்துக்குள் ‘ஆமாம்’ என்று சொல்ல வைப்பது மட்டும் போதாது. நீதிபதியின் முன்னே, யாரும் கை வைக்காத நிலையில், தானாகச் சொல்வதுபோல் அதைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நாள்கணக்கில் தடி உயர்கிறது. அஜய் கோஷ் நடித்திருக்கும் ஆந்திர அதிகாரி வெறியில் அடிப்பவர் அல்லர். ஒரு வேலையை முடிக்க வேண்டியவரின் எரிச்சலும் அவசரமும்தான் அவரிடம் தெரிகின்றன. அதனால்தான் அவர் கூடுதலாக அச்சுறுத்துகிறார். பட்டினி கிடந்து அடம்பிடிக்கும் இளைஞர்களைச் சாப்பிட வைப்பதற்கு அவர் போடும் நாடகம், அடிக்கும் காட்சிகளைவிட எனக்கு அருவருப்பைத் தந்தது.

கைது செய்யும்போது கடைப்பிடிக்க வேண்டிய நடைமுறைகளை உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் வகுத்துக் கொடுத்திருக்கிறது: கைதுக் குறிப்பில் சாட்சியின் கையெழுத்து இருக்க வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும் என்றெல்லாம். உள்ளூரில் உறவு இல்லாத, நிலையான முகவரி இல்லாத, அந்த ஊரின் மொழியும் சரிவரத் தெரியாத ஒருவனுக்கு இந்தப் பாதுகாப்பு எப்படிப் போய்ச் சேரும்? காவலர்கள் இவர்களைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணமே அதுதான். அஃப்சல் என்ற பெயரும் அவன் தமிழன் என்ற செய்தியும் கிளப்பிவிடும் சந்தேகங்களைச் சில நொடிகளில் காட்டிவிட்டுப் படம் நகர்ந்துவிடுகிறது. நீட்டி முழக்காத அந்தச் சுருக்கம் நன்று.

நீதிமன்றத்தில் இவர்களின் பேச்சை மொழிபெயர்க்க முன்வருபவர், வேறொரு வேலையாகச் சென்னையிலிருந்து வந்திருக்கும் ஆய்வாளர் முத்துவேல். சமுத்திரக்கனி நடித்த இந்தப் பாத்திரத்திலிருந்துதான் படத்தின் இரண்டாம் பாதி முளைக்கிறது. நாவலில் இல்லாத பகுதி இது. முத்துவேல் தேடி வந்தது கே.கே. என்னும் கணக்குத் தணிக்கையாளரை, அரசியல் பெரும்புள்ளிகளின் பணக்கணக்கு முழுவதும் அறிந்தவர். அவர் நீதிமன்றத்தில் சரணடைவதற்கு முன் தூக்கிச் செல்ல வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. விடுதலையான இளைஞர்கள், தங்களைக் காப்பாற்றியவருக்குச் செய்யும் கைம்மாறாக அந்தக் கடத்தலுக்குத் துணை நிற்கிறார்கள். ஆக, அவர்களைக் காப்பாற்றியவரும் சட்டத்தை மீறியே ஒரு மனிதரைத் தூக்கிச் செல்கிறார். பாதிக்கப்பட்டவர்களும் இப்போது அதில் கூட்டு. நல்லவர், கெட்டவர் என்று நாம் அதுவரை பிரித்து வைத்திருந்த கோடு இங்கே சத்தமில்லாமல் அழிந்துவிடுகிறது.

சென்னைக் காவல் நிலையத்தில் நடப்பவை எல்லாம், அங்கே சுத்தம் செய்வதற்காக நிறுத்தி வைக்கப்பட்ட இந்த இளைஞர்களின் காதுகளில் அரைகுறையாக விழுகின்றன. தன்னை யாரும் தொட மாட்டார்கள் என்ற நம்பிக்கையுடன் வந்து சேரும் கே.கே., அதிகாரிகளுக்குள் பேரம் வளர வளர மதிப்பிழந்து வெறும் உடலாகச் சுருங்குவதை நடிகர் கிஷோர் மிகக் குறைவான அசைவுகளில் நடித்துக் காட்டியிருக்கிறார். அந்த உடலும் அவர்கள் கையிலேயே உயிரை விட்டதும், அதைத் தற்கொலையாக மாற்றும் வேலை, ஏதோ அலுவலக வேலையைப் பங்கிட்டுக்கொள்வதுபோல் நடக்கிறது. யார் எதைப் பார்த்தார்கள், யாருக்கு எவ்வளவு தெரியும் என்று ஒவ்வொருவரும் மற்றவரை எடைபோடத் தொடங்குகிறார்கள். விசுவாசம் எந்தப் பக்கம் சாய்ந்தால் பதவியும் உயிரும் மிஞ்சும் என்பது அரை மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுகிறது. தரைதுடைத்துக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று ஒழிக்கப்பட வேண்டிய சாட்சிகளாகிறார்கள்.

இதில் முத்துவேலின் தடுமாற்றம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மனச்சாட்சியுள்ள அதிகாரி என்ற வார்ப்பு தமிழ்த் திரைக்குப் புதிதல்ல. அவர் கடைசியில் எதிர்த்து நின்று கைதட்டல் வாங்குவார் என்பதும் நமக்குப் பழக்கம். முத்துவேலுக்கு அப்படியொரு கணம் வாய்ப்பதில்லை. அவர் ஒவ்வொரு சிறிய உத்தரவுக்கும் இணங்கி வந்தவர். எந்த இடத்தில் மறுத்திருக்க வேண்டும் என்று நாம் பின்னோக்கித் தேடினால், அந்த இடம் வெகு தொலைவில், நாம் அவரைப் பாராட்டிக்கொண்டிருந்த நேரத்திலேயே கடந்துபோயிருக்கிறது. அவருக்கும் அவருடைய மேலதிகாரிகளுக்கும் இடையில் என்ன நேர்கிறது என்பதைப் படம் பார்க்காதவர்களுக்காக இங்கே சொல்லாமல் விடுகிறேன். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையர் எனச் சந்தேகிக்கப்பட்ட ஐவர் காவலர்களால் சுட்டுக்கொல்லப்பட்டதை அறிந்தவர்கள், இறுதிக் காட்சிகளை வேறொரு கனத்தோடு பார்ப்பார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைக்குள்ளாகி இறந்தபோதும் இந்தப் படம் மறுபடி பேசப்பட்டது.

பாடல்கள் இல்லாமல் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடியும் இந்தப் படத்தின் இறுக்கத்துக்குப் படத்தொகுப்பாளர் கிஷோர் தே. முக்கியக் காரணம். அவர் 2015-இல், படம் வெளிவருவதற்கு முன்பே காலமானார். தேசிய விருது அவர் மறைவுக்குப் பின் வந்தது. சமுத்திரக்கனிக்குச் சிறந்த துணை நடிகருக்கான விருதும், படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான விருதும் அதே ஆண்டில் கிடைத்தன. எஸ். ராமலிங்கத்தின் ஒளிப்பதிவில் இறுதி அரை மணி நேரம் இருட்டிலேயே நகர்கிறது. அதைக் கைப்பேசியில் பார்ப்பது வீண்.

குறைகளும் இருக்கின்றன. ஆனந்தி நடித்த சாந்திக்கு, பாண்டிக்கு ஒரு மென்மையான பக்கம் உண்டு என்று காட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்தக் காட்சிகளை எடுத்துவிட்டாலும் கதை நூலளவும் மாறாது. குண்டூர்ப் பகுதியில் அடி ஒரு கட்டத்துக்குமேல் புதிதாக எதையும் சொல்லாமல் திரும்பத் திரும்ப வருகிறது. சரியான நாளில் சரியான நீதிமன்றத்தில் முத்துவேல் நின்றிருப்பது எழுத்தாளரின் வசதிக்காக அமைந்த தற்செயல். இரண்டாம் பாதியில் அதிகாரிகள் பேசும் சில வசனங்கள், காட்சியே சொல்லிவிட்ட செய்தியை மீண்டும் வாயால் சொல்கின்றன. முதல் பாதியில் அத்தனை அடக்கத்தோடு இருந்த இயக்குநர் இங்கே பார்வையாளரைச் சற்றுக் குறைத்து மதிப்பிட்டுவிட்டாரோ என்று தோன்றுகிறது.

பாண்டியாக வரும் தினேஷையும் முருகனாக வரும் ஆடுகளம் முருகதாஸையும் பற்றி விருதுக் குழுக்கள் பேசாமல் போனது எனக்கு இன்றும் புரியவில்லை. அடி வாங்கும் நடிப்பில் மிகையைத் தொடுவது எளிது. இருவரும் அதைத் தவிர்த்திருக்கிறார்கள். அதிலும் முருகதாஸ், அதுவரை தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் சிரிப்புக்காகவே பயன்பட்டவர். காவல் நிலையத்தில் துடைப்பத்தோடு நின்றுகொண்டு, உள்ளே கேட்கும் பேச்சின் பொருள் மெல்ல மெல்லப் புரிய வரும்போது அவர் முகத்தில் பரவும் பயத்துக்காகவே அந்தப் பகுதியை இன்னொரு முறை பார்க்கலாம்.