தில்லியிலிருந்து ஒரே நாளில் ஆக்ராவும் ஃபத்தேப்பூர் சிக்ரியும்: பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

கடந்த டிசம்பர் கடைசி வாரத்தில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகத் தில்லி சென்றிருந்த நானும் என் மனைவியும் அறுபத்தெட்டு வயதான என் அக்காவும், "ஃபத்தேப்பூர் சிக்ரி, ஆக்ரா கோட்டை, தாஜ் மகால், ஒரே நாளில், எல்லாக் கட்டணங்களும் அடக்கம்" என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு கார்ப் பயணத்துக்கு 9,500 ரூபாய் கொடுத்தோம். அன்று இரவு விடுதிக்குத் திரும்பியபோது, அக்பரின் பழைய தலைநகரான சிக்ரியின் அரண்மனைகளை நாங்கள் பார்த்திருக்கவில்லை. ஆக்ரா கோட்டைக்குள் கால் வைக்கவில்லை. தாஜ் மகாலின் தோட்டத்தில் மட்டும் இருபத்தைந்து நிமிடம் நின்றிருந்தோம். ஒரு பளிங்குப் பொருள் கடையிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்கப்பட்டிருந்தோம். அதே பயணத்தைத் திட்டமிடும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருப்பதால், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நாங்கள் தங்கியிருந்த விடுதிக்கு அருகில் இருந்த பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் இருந்தவர் தமிழில் பேசினார். ஊர் எது என்று கேட்டு, கும்பகோணம் என்றதும் நாற்காலி போட்டு உட்கார வைத்து, தேநீர் வரவழைத்தார். முன்பின் தெரியாத ஊரில் நம் மொழி காதில் விழுந்ததும் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமல் விட்டுவிட்டோம். அவர் முதலில் சொன்ன நாள் வெள்ளிக்கிழமை. தாஜ் மகாலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் விடுமுறை. அன்று பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. இதை அவர் சொல்லவில்லை, என் மனைவிதான் சொன்னாள். அவர் உடனே சனிக்கிழமை என்று மாற்றி எழுதினார். இவ்வளவு அடிப்படையான செய்தியை மறைத்தோ அறியாமலோ விற்பவரிடம் அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். மேலும் அவர் கொடுத்த ரசீதில் "ஆக்ரா, ஒரு நாள், கார்" என்ற சொற்களும் தொகையும் மட்டுமே இருந்தன. எந்தெந்த இடங்கள், எந்தெந்த நுழைவுச்சீட்டுகள், வழிகாட்டி யார் என்பவை எதுவும் எழுத்தில் இல்லை என்பதைப் பின்னாளில் புகார் எழுத உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன்.

பணம் கட்டும் முன் ஒரு தாளில் கூட்டிக் கழித்துப் பார்த்திருந்தாலே இந்தப் பயணம் நடக்காது என்று தெரிந்திருக்கும். தில்லியிலிருந்து ஆக்ரா இருநூறு கிலோமீட்டருக்கு மேல். கிரேட்டர் நொய்டாவிலிருந்து தொடங்கும் யமுனை விரைவுச்சாலை 165 கிலோமீட்டர் நீளமுள்ள நல்ல சாலைதான் என்றாலும், தில்லியின் நெரிசலையும் ஆக்ராவுக்குள் நுழையும் நேரத்தையும் சேர்த்தால் நான்கு மணி நேரம் ஆகிவிடும். ஆக்ராவிலிருந்து சிக்ரி இன்னும் சுமார் 37 கிலோமீட்டர்; போக ஒரு மணி, வர ஒரு மணி. ஆக, சாலையிலேயே பத்து மணி நேரம். டிசம்பர் கடைசியில் அந்தப் பகுதியில் பகல் வெளிச்சமே ஏறக்குறைய பத்தரை மணி நேரம்தான். தாஜ் மகாலோ சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே மூடப்படுகிறது. அந்த வாரத்தில் அது மாலை ஐந்து மணியை ஒட்டி வரும். இதற்குமேல் வட இந்தியக் குளிர்கால மூடுபனி இருக்கிறது. அது இறங்கிவிட்டால் விரைவுச்சாலையிலும் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். இந்தத் தொழிலிலேயே இருக்கிறவருக்கு இந்தக் கணக்குத் தெரியாமல் இருக்க முடியாது. மூன்று இடங்களையும் காட்ட முடியாது என்று தெரிந்தேதான் மூன்றுக்கும் பணம் வாங்கினார் என்பது என் முடிவு.

ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்ன கார் ஆறு நாற்பதுக்கு வந்தது. வழியில் ஓட்டுநர் தாமே தேர்ந்தெடுத்த உணவகத்தில் ஐம்பது நிமிடம். ஆக்ராவை எட்டியபோது பதினொன்று இருபது. அங்கே சாலையோரத்தில் காத்திருந்த ஒருவர், "நான்தான் உங்கள் வழிகாட்டி" என்று சொல்லி முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். நான் அடையாள அட்டை கேட்டபோது, கழுத்தில் தொங்கிய ஒரு அட்டையை விரலால் தூக்கிக் காட்டிவிட்டுச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். சுற்றுலா அமைச்சகமோ மாநிலச் சுற்றுலாத் துறையோ உரிமம் வழங்கிய வழிகாட்டியிடம் புகைப்படத்துடன் கூடிய அட்டை இருக்கும். அதைக் கையில் வாங்கிப் பெயரையும் எண்ணையும் படிக்க நமக்கு முழு உரிமை உண்டு. நான் மரியாதை கருதி வற்புறுத்தாமல் விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

சிக்ரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இந்தப் பயணத்தை நான் ஏற்றுக்கொண்டதே அந்த ஊருக்காகத்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். அக்பர் 1571 முதல் கட்டியெழுப்பி, 1585இல் லாகூருக்குப் புறப்படும் வரை தலைநகராக வைத்திருந்த அந்தச் செங்கல் நிறக் கல் நகரத்தைக் கரும்பலகையில் மட்டுமே வரைந்து காட்டியிருக்கிறேன். அங்கே திவான்-இ-காஸ் என்ற, அரசர் தனியாகச் சந்திப்புகள் நடத்தும் மண்டபத்தின் நடுவில் ஒற்றைத் தூண் ஒன்று எழுகிறது. அதன் தலையில் 36 போதிகைகள், அதாவது பாரம் தாங்கும் கல் தாங்கிகள், பூப்போல் விரிந்து ஒரு வட்ட மேடையைத் தாங்க, அந்த மேடையிலிருந்து நான்கு மூலைகளுக்கும் கல் நடைபாதைகள் போகின்றன. நம் ஊர்க் கோயில் தூண்களின் போதிகைகளைப் பார்த்தே வளர்ந்த அக்காவுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று வெகு நாளாக ஆசைப்பட்டிருந்தேன்.

வண்டி நிறுத்துமிடத்தில் இறங்கியதும், மேலே செல்லக் குறைந்த கட்டணத்தில் பேருந்து ஓடுகிறது என்பதைச் சொல்லாமல், தமக்குத் தெரிந்த ஆட்டோவில் ஏற்றி 300 ரூபாய் கொடுக்க வைத்தார் வழிகாட்டி. அந்த ஆட்டோ எங்களைப் புலந்த் தர்வாசாவின் அடியில் இறக்கிவிட்டது. 54 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் அந்த வாசல் காண வேண்டிய ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலியுள்ள அக்கா இரண்டு முறை உட்கார்ந்து எழுந்துதான் மேலே வந்தாள். அரண்மனைப் பக்கமாக வந்திருந்தால் கிழக்கிலுள்ள பாதுஷாஹி தர்வாசா வழியாக இவ்வளவு சிரமமில்லாமல் உள்ளே வந்திருக்கலாம் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

உள்ளே இருக்கும் பள்ளிவாசல் முற்றத்துக்கும் ஷேக் சலீம் சிஷ்டியின் வெண்பளிங்கு தர்காவுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. மகன் வேண்டி அக்பர் நாடி வந்த மகான் அவர். 1569இல் பிறந்த பிள்ளைக்கு அவர் பெயரையே சூட்டினார். அந்த சலீம்தான் பின்னாளில் ஜஹாங்கீர். இன்றும் எல்லா மதத்தினரும் வந்து அந்தப் பளிங்குச் சாளரங்களில் நூல் கட்டி வேண்டிக்கொள்கிறார்கள். அந்த நம்பிக்கையைத்தான் வழிகாட்டி விலையாக்கினார். தர்காவுக்குச் சில அடி முன்பாக ஒரு துணி வியாபாரியிடம் எங்களை உட்கார வைத்து, இங்கே போர்த்தும் துணி ஏழைப் பெண்களின் திருமணத்துக்குப் போகிறது என்றும், வெறுங்கையோடு உள்ளே போவது வழக்கமில்லை என்றும் சொன்னார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. 1,500 ரூபாய் கொடுத்தோம். அங்கே காணிக்கை எதுவும் கட்டாயமில்லை. மனம் இருந்தால் போடலாம், இல்லையென்றால் கும்பிட்டுவிட்டு வரலாம். வெளியே வந்த பிறகு, நாங்கள் போர்த்திய துணியைப் போலவே மடிப்புக் கலைந்த துணிகள் அதே வியாபாரியின் அடுக்குக்குத் திரும்பி வருவதை என் மனைவி பார்த்தாள்.

பிறகு ஒரு பூட்டிய கதவைக் காட்டி, சலீமின் காதலி அனார்கலி தப்பிச் சென்ற சுரங்கம் இது, லாகூர் வரை போகிறது என்றார். அக்பர் கால வரலாற்று நூல்களில் அனார்கலி என்ற பெண்ணே இல்லை என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறியது. அரண்மனைப் பகுதிக்கு எப்போது போகலாம் என்று கேட்டேன். பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது, சீட்டு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள் என்றார். சில நிமிட நடைத் தூரத்தில் இருந்த சீட்டுக் கொடுக்குமிடத்தை நானே போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் தாஜ் மகாலுக்கு நேரமாகிறது என்று அவர் அவசரப்படுத்தியதில் காரில் ஏறிவிட்டோம். அன்று பிற்பகல் அரண்மனைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த ஒரு திருச்சிக் குடும்பத்தை இரவு விடுதியில் சந்தித்தோம். எந்த வேலையும் நடக்கவில்லை, எல்லாம் திறந்துதான் இருந்தது என்றார்கள். அதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம், போன பணத்துக்காக ஏற்பட்டதைவிடப் பெரிது.

நேரமாகிறது என்று சிக்ரியிலிருந்து கிளப்பியவர், ஆக்ராவுக்குத் திரும்பியதும் மூன்று மணிக்கு நேராகக் கொண்டுபோய் விட்டது ஒரு பளிங்குப் பொருள் கடையில். தாஜ் மகாலில் கல் பதித்தவர்களின் வழித்தோன்றல்கள் என்று நால்வரை உட்கார வைத்துச் சக்கரத்தில் கல் தீட்டிக் காட்டினார்கள். பளிங்கில் வண்ணக் கல் பதிக்கும் அந்தப் பச்சீகாரி வேலை உண்மையிலேயே நுட்பமான கலை. அதில் உழைக்கும் கைவினைஞர்கள்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ராஜஸ்தானின் பெயர்பெற்ற மக்ரானா பளிங்கு என்று சொல்லி 4,200 ரூபாய்க்கு எங்களிடம் விற்ற சிறு பெட்டியைக் காரில் வைத்துத் தடவிப் பார்த்த அக்கா, "தம்பி, இது பளிங்கில்லை, நம்ம கல்சட்டிக் கல்" என்றாள். ஐம்பது ஆண்டுகளாகக் கல்சட்டியில் புளிக்குழம்பு வைத்தவளின் விரல் ஏமாறவில்லை. நகத்தால் கீறினேன், வெள்ளைப் பொடி உதிர்ந்தது. மாக்கல். பளிங்கை நகம் கீறாது. இந்த ஒரு சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள், செய்ய விடாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இத்தகைய கடைகள் ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் தரகு தருகின்றன. நம் நாளின் மிக நல்ல நேரம் அங்கே போவதற்குக் காரணம் அதுதான்.

தாஜ் மகாலின் கிழக்கு வாசலில் பாதுகாப்புச் சோதனை வரிசையைக் கடந்தபோது நான்கு முப்பத்தைந்து. இந்தியர்களுக்கு நுழைவுச்சீட்டு 50 ரூபாய். கல்லறை இருக்கும் மையக் கட்டடத்துக்குள் செல்ல 2018 டிசம்பர் முதல் தனியாக 200 ரூபாய். இந்த இரண்டாவது சீட்டை வழிகாட்டி வாங்கவே இல்லை. உள்ளே யாரையும் விடுவதில்லை என்று சொல்லிவிட்டார், நாங்களோ மேடையில் மக்கள் வரிசையாக நுழைவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து மணிக்குக் காவலர்கள் விசில் ஊதினார்கள். எல்லாக் கட்டணங்களும் அடக்கம் என்று வாங்கிய தொகையில், மூன்று பேருக்கும் மூன்று இடங்களுக்குமாக ஏறக்குறைய 1,000 ரூபாய் நுழைவுச்சீட்டுக்கு ஆகியிருக்க வேண்டும். எங்களுக்காக வாங்கப்பட்டவை 50 ரூபாய்ச் சீட்டுகள் மூன்று மட்டுமே. ஆக்ரா கோட்டையைக் காரின் கண்ணாடி வழியாகப் பார்த்தோம்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனபோது, வழிகாட்டி எங்கள் ஆளில்லை, ஓட்டுநர் சொந்தமாக ஏற்றியிருப்பார் என்றார்கள். அப்போதும் அதே இனிய தமிழ்தான். திருப்பிக் கொடுத்தது ஒன்றுமில்லை.

இந்த நினைவுச்சின்னங்களின் சீட்டுகளை இந்தியத் தொல்லியல் துறையின் இணையதளத்தில் நீங்களே வாங்கிவிடுங்கள். "அடக்கம்" என்ற சொல்லுக்கு அப்போது வேலை இருக்காது. தில்லியிலிருந்து ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், ஹஸ்ரத் நிஜாமுதீனிலிருந்து காலையில் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் ஒரு மணி நாற்பது நிமிடத்தில் ஆக்ரா கண்டோன்மென்ட் சேர்ந்துவிடும், மாலையில் அதிலேயே திரும்பலாம். அந்த ரயிலும் வெள்ளிக்கிழமை ஓடுவதில்லை. அந்த ஒரு நாளில் தாஜ் மகாலும் கோட்டையும் நிதானமாக முடியும்; சிக்ரியைச் சேர்க்காதீர்கள். சிக்ரி வேண்டுமென்றால் ஆக்ராவில் ஓரிரவு தங்குங்கள். சென்னையிலிருந்து தில்லி செல்லும் தமிழ்நாடு எக்ஸ்பிரசும் கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரசும் ஆக்ரா கண்டோன்மென்டில் நிற்கின்றன. போகும் வழியிலேயே இறங்கிக்கொண்டால் தில்லியிலிருந்து திரும்பி வரும் நானூறு கிலோமீட்டர் மிச்சம். ஆக்ராவின் ஈத்கா பேருந்து நிலையத்திலிருந்து சிக்ரிக்கு அரசுப் பேருந்துகள் உண்டு.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். சுற்றுலா அமைச்சகத்தின் 1363 என்ற எண்ணும் இருக்கிறது; அதைச் சிக்ரியிலேயே, வழிகாட்டி பக்கத்தில் நிற்கும்போதே அழைத்திருக்க வேண்டும். ரசீதில் இடங்களின் பெயர்கள் இல்லாததால், எதை விற்றார்கள் என்பதை நிறுவ என்னிடம் இருப்பது பயணத்துக்கு முந்தைய நாள் என் மனைவி கைப்பேசியில் அவரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த ஒரு குரல் செய்தி மட்டும்தான். அதில் அவர் மூன்று இடங்களையும் பெயர் சொல்லி, "எல்லாம் அடக்கம்" என்கிறார். அதைப் புகாருடன் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.