ஜப்லாவா, பாவாடையா, சுருக்குப்பையா: தைத்துக் கொடுக்க எது தோது?

வீட்டில் தையல் மெஷின் இருந்து, கோணாமல் நேராகத் தைக்கவும் வந்துவிட்டால், அடுத்த விசேஷத்துக்கு நாமே ஏதாவது தைத்துக் கொடுக்கலாமே என்று கை பரபரக்கும். பெரும்பாலும் மூன்றில் ஒன்றில்தான் போய் நிற்போம்: பச்சைக் குழந்தைக்கு ஜப்லா, சிறுமிக்கு எலாஸ்டிக் பாவாடை, பெரியவர்களுக்குச் சுருக்குப்பை. மூன்றையும் பல தடவை தைத்துக் கொடுத்திருக்கிறேன். கொடுத்த பிறகு அந்த வீட்டில் அது என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான் இப்போதெல்லாம் முடிவு செய்கிறேன்.

ஜப்லா பார்க்கச் சின்னது, ஆனால் மூன்றில் நம்மை ஏமாற்றுவது இதுதான். பிறந்த குழந்தைக்குத் தலைச் சுற்றளவு 13, 14 இன்ச் இருக்கும். மார்பு அதைவிடக் கொஞ்சம் குறைவு. இது தெரியாமல், அண்ணன் குழந்தைக்கு முதல் ஜப்லாவைத் தலைவழியாக மாட்டுகிற மாதிரி அழகான வட்டக் கழுத்து வைத்துத் தைத்துவிட்டேன். அண்ணி முகம் கோணாமல் வாங்கிக்கொண்டார். ஆறு மாதம் கழித்துப் போனபோது அதை ஒரு பொம்மை போட்டுக்கொண்டிருந்தது.

அதன்பிறகு திறப்பு வைத்து, நாடா கட்டுகிற மாதிரிதான் தைக்கிறேன். நாடா முடிச்சுப் போடும் அளவுக்கு இருந்தால் போதும். நீளமாக விட்டால் கழுத்திலோ விரலிலோ சுற்றிக்கொள்ளும். பட்டன் வேண்டவே வேண்டாம், பிய்ந்தால் நேரே வாய்க்குள் போகும். துணி 44 இன்ச் அகல மல் துணி என்றால் ஒரு மீட்டரில் நான்கு ஜப்லா தாராளமாக வரும். செலவு குறைவுதான், மல் துணியைத் தைப்பதுதான் பாடு. 16ஆம் நம்பர் ஊசி போட்டால் ஓட்டை விழும், 11 போட வேண்டும். அப்படியும் தையலின் தொடக்கத்தில் துணியை மெஷின் உள்ளே இழுத்துக்கொள்ளும். அடியில் ஒரு துண்டு செய்தித்தாள் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுத்தால் சரியாகிவிடும். பிசிறு குழந்தையின் தோலில் உரசாமல் உள்ளடக்கித் தைக்க வேண்டும் என்பதால், சாதாரணச் சட்டையைவிட இரட்டை வேலை.

இவ்வளவும் செய்து கொடுத்தால், பாட்டி புதுத்துணியை ஓரமாக வைத்துவிட்டுப் பழைய வேட்டித் துணியைத்தான் தேடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த மென்மை புதுத்துணிக்குக் கிடையாது. அதனால் நான் இரண்டு மூன்று தடவை துவைத்து, கஞ்சி முழுக்கப் போனபிறகே வெட்டுகிறேன். எப்படியும் மூன்று மாதத்தில் பத்தாமல் போய்விடும்.

சுருக்குப்பைக்கு அளவு பார்க்கிற வேலையே இல்லை, அதுதான் அதன் பலம். துணியும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணி, யாரும் தைக்காமல் வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருக்குமே, அது போதும். 8க்கு 10 இன்ச்சில் இரண்டு துண்டு வெட்டி, மேலே குழல் மாதிரி மடித்துத் தைத்து, இரண்டு கயிறுகளை எதிரெதிர்ப் பக்கமிருந்து கோத்தால் முடிந்தது. ஒரு கயிறு மட்டும் கோத்தால் வாய் ஒருபக்கமாகக் கோணிக்கொள்ளும். ஒரு மாலைக்குள் நான்கு தைத்துவிடலாம். ஆனால் வாங்குகிறவர் முகத்தில் பெரிய மலர்ச்சியை எதிர்பார்க்காதீர்கள். 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று தொடங்கிய பிறகு துணிப்பை எங்கும் கிடைக்கிறது. கல்யாணத் தாம்பூலமே பையில்தான் வருகிறது. பத்தோடு பதினொன்றாகிவிடும். கொலுவுக்கு வருகிற பதினைந்து பேருக்குக் கொடுக்க வேண்டும் என்றால் இதைத் தைக்கலாம். ஒருவருக்கென்று மனதில் வைத்துக் கொடுப்பதற்கு எனக்கு இது போதவில்லை.

என் ஓட்டு பாவாடைக்குத்தான். ஐந்து வயதுப் பெண்ணுக்கு இடுப்பு 20, 21 இன்ச் இருக்கும். ஒரு இன்ச் முன்னே பின்னே இருந்தாலும் எலாஸ்டிக் சமாளித்துவிடும். எலாஸ்டிக்கை இடுப்பளவைவிட 2 இன்ச் குறைத்து வெட்டுங்கள். 44 இன்ச் அகலத் துணி ஒன்றரை மீட்டர் வாங்கிக் குறுக்கே இரண்டாக வெட்டி இணைத்தால் சுற்றளவு 88 இன்ச். அந்தப் பெண் ஒரு சுற்றுச் சுற்றினால் குடையாக விரியும். அவள் பார்ப்பது அதை மட்டும்தான். ஒவ்வொரு துண்டும் 29 இன்ச்சுக்கு மேல் உயரம் வரும். கணுக்கால்வரை 24 இன்ச், மேலே எலாஸ்டிக்குக்கும் கீழே ஓரம் மடிக்கவும் இரண்டே கால் போக, மீதி 3 இன்ச்சை டக்காக, அதாவது பெண் வளர்ந்ததும் பிரித்து நீளமாக்கிக்கொள்கிற மடிப்பாக, பிடித்துவிடலாம். ஒன்றரை இன்ச் டக்குக்குள் 3 இன்ச் துணி ஒளிந்திருக்கும். நம் பாட்டிமார் பட்டுப்பாவாடையில் செய்த கணக்குதான் இது. கடையில் வாங்குகிற பாவாடையில் இந்த டக்கு அபூர்வம்.

வெட்டும் முன் பருத்தியை நனைத்துக் காயவைக்க மறக்காதீர்கள். மதுரைக்காரியாக நான் சுங்குடித் துணியைத்தான் எடுப்பேன், ஆனால் அடர்சிவப்பு, கருநீலம் என்றால் முதல் தண்ணீரிலேயே சாயம் கொஞ்சம் இறங்கும். தனியாக நனைத்துப் பார்த்துவிட்டால், போய்ச் சேர்ந்த வீட்டில் வெள்ளைத் துணிகள் தப்பிக்கும்.

பாவாடையிலும் ஒரு குறை உண்டு. டக்கைப் பிரிக்கும்போது உள்ளே இருந்த துணி மட்டும் பளிச்சென்று புதிதாக இருக்கும். அந்தக் கோட்டின்மேல் ஒரு சரிகை நாடா வைத்துத் தைத்தால் வேண்டுமென்றே வைத்த கரை மாதிரி ஆகிவிடும்.

தம்பி மகளுக்குக் கொடுத்த பச்சைச் சுங்குடிப் பாவாடை இரண்டு வருஷம் கழித்து என்னிடம் திரும்பி வந்தது, டக்கைப் பிரித்துத் தரச் சொல்லி. எலாஸ்டிக்கும் தளர்ந்திருந்தது. அதையும் மாற்றி, மாம்பழ நிறத்தில் சரிகை நாடா வைத்து அனுப்பினேன்.