கலை வரலாற்றைத் துணைப்பாடமாக எடுக்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

சென்னையை ஒட்டிய ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில், ஆங்கில இலக்கியத்தை முதன்மைப் பாடமாகவும் கலை வரலாற்றைத் துணைப்பாடமாகவும் படிக்கலாம் என்ற அறிவிப்பைப் பார்த்து 2023-இல் சேர்ந்தேன். மாமல்லபுரத்துக்கும் காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்கும் களப்பயணம், எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிகளை நேரில் பார்த்து எழுதும் பயிற்சி என்றெல்லாம் சேர்க்கைக் கையேட்டில் அச்சிட்டிருந்தார்கள். இவற்றில் ஒன்றுகூட நடக்கவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளங்கலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, மூன்றாண்டுப் பட்டத்துக்குரிய 120 கிரெடிட்டில் துணைப்பாடத்துக்கு மட்டும் 24 கிரெடிட் உண்டு. ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேர வகுப்பு என்று கொண்டால் அது 360 மணி நேரப் படிப்பு. எங்களுக்கு அதில் பாதியளவே கலை வரலாறு என்ற பெயரில் நடந்தது. மீதியைப் புகைப்படக்கலை, நிகழ்ச்சி மேலாண்மை ஆகிய தாள்களைக் கொண்டு நிரப்பிவிட்டு, எல்லாம் கலை சார்ந்ததுதானே என்று துறை அலுவலகத்தில் சொன்னார்கள்.

நடந்த வகுப்பின் தரத்துக்கு ஒரு சான்று சொல்கிறேன். தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்நடையில், நாயக்கர் கால ஓவியப் பூச்சு உதிர்ந்த இடங்களில் அதன் அடியிலிருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் வரலாற்றாய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். ஈரச் சுண்ணாம்புச் சாந்தின்மேல் தீட்டப்பட்ட அந்தச் சுவரோவியத்தைத் திரையில் காட்டிய ஆசிரியர், பலகையில் துணி ஒட்டித் தங்க ரேக்கும் கண்ணாடிக் கற்களும் பதித்துச் செய்யப்படும், மராட்டியர் காலத்தில் செழித்த தஞ்சாவூர் ஓவியத்துக்கான குறிப்பை அதற்கு வாசித்தார். இரண்டுக்கும் இடையில் பல நூற்றாண்டுகள் இருக்கின்றன. பொருளும் வேறு, முறையும் வேறு. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மேலாண்மைத் துறையிலிருந்து அவரை இந்த வகுப்புக்கு அனுப்பிய நிர்வாகத்தின் மீதுதான் என் கோபம். படம் ஒன்றைக் கூர்ந்து பார்க்கவும், அதன் காலத்தையும் செய்நேர்த்தியையும் காரணம் காட்டி நிறுவவும் பழக்குகிற படிப்பை, அதைக் கற்காத ஒருவரிடம் ஒப்படைத்தது மாணவர்களுக்கு மட்டுமல்ல, அவருக்கும் இழைத்த அநீதி.

எழுத்துமூலம் புகார் கொடுத்தபோது, கையேட்டில் உள்ளவை மாற்றத்துக்கு உட்பட்டவை என்ற ஒரு வரியைச் சுட்டிக்காட்டினார்கள். கட்டணத்தோடு வாங்கிய களப்பயணத் தொகையைத் திருப்பித் தரவில்லை. மதிப்பெண் பட்டியலிலோ இந்தத் தாள்களெல்லாம் பொதுத் தெரிவுப்பாடம் என்றே பதிவாகியுள்ளன. நான் கலை வரலாறு படித்தேன் என்பதற்கு அதில் ஒரு சொல்கூட இல்லை. முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது இதை எப்படி விளக்குவேன் என்ற கவலை எனக்கு இன்னும் தீரவில்லை.

பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்திலும் சாந்திநிகேதனின் விசுவபாரதி பல்கலைக்கழகத்திலும் கலை வரலாறு தனித்துறையாகவே நெடுங்காலமாக இளங்கலை நிலையில் கற்பிக்கப்படுகிறது. வேறெங்கு சேர்வதானாலும், அந்தத் துறைகளின் பாடத்திட்டத்தை அருகில் வைத்துக்கொண்டு, நீங்கள் சேரும் இடத்தின் ஆறு செமஸ்டர் தாள்களையும் பெயரோடும் கிரெடிட்டோடும் எழுத்தில் கேளுங்கள். நடத்தப் போகும் ஆசிரியர் எதில் பட்டம் பெற்றவர் என்று விசாரியுங்கள். முந்தைய ஆண்டு மாணவர் ஒருவரின் மதிப்பெண் பட்டியலில் துணைப்பாடத்தின் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே கட்டணத்தைச் செலுத்துங்கள்.