பொய்க்கடியா, நிஜக்கடியா: வீட்டு நாய்கள் மோதும்போது எதைப் பார்ப்பது?

செம்பி, கருப்பனின் பிடரியைக் கவ்வி இழுக்கிறாள். அவன் மல்லாந்து விழுந்து நான்கு கால்களாலும் அவளை உதைக்கிறான். இருவருக்கும் பல் தெரிகிறது, உறுமல் வீடு முழுக்கக் கேட்கிறது. வந்திருந்தவர் காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, "பிரிச்சு விடுங்க, கடிச்சுக் குதறிடப் போகுதுங்க" என்றார். எனக்கு அதில் பதற ஒன்றுமில்லை. இன்னொரு நாள் அதே இருவரும் ஓர் எலும்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சத்தமே இல்லாமல் நின்றார்கள். அன்றைக்குத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பல், உறுமல், கீழே விழுவது ஆகிய மூன்றையும் வைத்துத்தான் பலரும் சண்டை என்று முடிவு கட்டுகிறார்கள். ஆனால் மூன்றுமே விளையாட்டிலும் உண்டு. மல்லாந்து படுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தோற்ற நாய் சரணடைகிறது என்பார்கள். 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, விளையாட்டில் நாய்கள் மல்லாந்ததைக் கவனித்தது. பெரும்பாலும் பிடரிக் கடியிலிருந்து நழுவவோ, கீழிருந்தபடியே திருப்பிக் கவ்வவோதான் அப்படிப் படுத்தன. கருப்பனும் அதைத்தான் செய்கிறான்.

உறுமலில் வித்தியாசம் உண்டு, ஆனால் காது பழக வேண்டும். விளையாட்டு உறுமல் சின்னச் சின்னத் துண்டாக அடுத்தடுத்து வரும். சாப்பாட்டைக் காக்கும் உறுமல் நீண்டு, அடியிலிருந்து எழும். ஹங்கேரி ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட சோதனையில், எலும்பை நெருங்கிய நாய்களுக்குப் பதிவு செய்த உறுமல்களைப் போட்டுக் காட்டினார்கள். சாப்பாட்டைக் காக்கும் உறுமலைக் கேட்டபோதுதான் அவை அதிகம் பின்வாங்கின. வால் ஆட்டுவதை மட்டும் நம்பக் கூடாது. உடம்பு முழுக்கத் தளர்ந்து இடுப்போடு சேர்ந்து ஆடும் வால் வேறு, விறைத்து மேலே நின்று நுனி மட்டும் துடிக்கும் வால் வேறு. முதுகு மயிர் சிலிர்ப்பது கிளர்ச்சியைத்தான் காட்டும். அது சந்தோஷமாகவும் இருக்கலாம்.

நான் முதலில் பார்ப்பது இடைவெளியை. விளையாட்டில் மூச்சு விட இடம் இருக்கும். ஓடிக்கொண்டே இருந்தவை சட்டென்று நிற்கும், உடம்பை உதறும், தரையை முகரும், மறுபடி தொடங்கும். நடுநடுவே ஒன்று முன்னங்கால்களைத் தரையில் பரப்பி, பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும். 'இது விளையாட்டுத்தான், வா' என்பதுதான் அதற்கு அர்த்தம். அசைவுகளும் தேவைக்கு மேல் பெரிதாகத் துள்ளும். சண்டையில் இந்த ஆடம்பரம் கிடையாது. முதலில் உடம்பு உறையும், வாய் இறுக மூடும், கண் ஒரே இடத்தில் நிலைக்கும். அப்புறம் நேராகப் பாய்ச்சல்தான். பிடித்ததை விடாது.

துரத்தியவன் துரத்தப்படுவதும் நல்ல அடையாளம். பாதிக்குப் பாதி மாற வேண்டும் என்பதில்லை. பெரிய நாய் குட்டிக்காகத் தானே கீழே விழுந்து கொடுக்கும்.

இந்த இரண்டைவிட என்னைக் கவலைப்படுத்துவது மூன்றாவது நிலை: ஒன்றுக்கு விளையாட்டு, இன்னொன்றுக்குத் தொல்லை. ரத்தம் வராததால் அது பல மாதம் கண்ணில் படாமலே போகும். கருப்பன் ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் நுழைந்தபோதெல்லாம் ஒளிந்து விளையாடுகிறான் என்றே நினைத்தேன். ஒருநாள் குனிந்து பார்த்தேன். உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பியிருந்தான், கண்ணின் வெள்ளை தெரிந்தது. அன்றிலிருந்து சந்தேகம் வந்தால் துரத்துகிற நாயைச் சில நொடிகள் பிடித்து வைக்கிறேன். மற்றது தானாகத் திரும்பி வந்து சீண்டினால் விட்டுவிடலாம். விலகிப் போனால் ஆட்டம் முடிந்தது.

நல்ல விளையாட்டும் சண்டையாகப் புரளும். இடைவெளி குறைகிறது, குரல் ஏறுகிறது, கவ்வல் நீள்கிறது என்றால் அப்போதே கூப்பிட்டு அமர்த்துங்கள். குறுகலான வாசற்படி, கண்டெடுத்த தின்பண்டம், நீங்கள் வீடு திரும்பும் நேரம் ஆகியவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். உறுமியதற்காக மட்டும் அதட்டாதீர்கள். எச்சரிக்கையை அடக்கிவிட்டால் அடுத்த முறை கடி முன்னறிவிப்பில்லாமல் வரும்.

சண்டையே மூண்டுவிட்டால் கழுத்துப்பட்டையைப் பிடிக்கக் கை நீட்ட வேண்டாம், அந்தக் கடி உங்கள் கையில் விழும். பெரிய சத்தம் எழுப்பலாம், மேலே போர்வையைப் போடலாம், பலகையையோ நாற்காலியையோ நடுவில் தள்ளலாம். பிரிந்ததும் தனித்தனி அறை. மயிருக்குள் சின்னத் துளைதான் தெரிகிறது என்று விட்டுவிடாதீர்கள், உள்ளே காயம் ஆழமாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

நெடுநாள் சிநேகம் திடீரென்று கெட்டால் நான் முதலில் வலியைத்தான் சந்தேகப்படுவேன். ஒரு வாரமாகக் கருப்பன் செம்பியைக் கிட்டவே விடவில்லை, அவள் முகம் அருகே வந்தாலே விறைத்தான். கடைசியில் பார்த்தால் காதுக்குள் புண். மருந்து விட்ட ஐந்தாம் நாள் காலையில், அவனே அவள் முன்னால் போய் முன்னங்கால்களைப் பரப்பி, பின்பக்கத்தைத் தூக்கி நின்றான்.