விடுதியா, தினமும் பஸ்ஸா?

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கல்லல், தேவகோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, முக்கியமாக வீட்டின் முதல் பட்டதாரிப் பெண்களுக்கு, வரும் குழப்பம் இது.

செலவு: சாதாரணக் கட்டண டவுன் பஸ் பெண்களுக்கு 2021 முதல் இலவசம். விடுதியில் சாப்பாட்டுக்கே மாதாமாதம் கட்ட வேண்டும்.

உடல்நிலை: பஸ் படி முழங்கால் உயரம், காலிப்பர் (காலைத் தாங்கும் கருவி) போட்ட பிள்ளைக்குத் தினமும் போராட்டம். விடுதியில் தரைத்தள அறையைத் தயங்காமல் கேளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம்.

பிறரோடு பழக்கம்: இதில் விடுதிதான் மேல். வேறு சாதி, வேறு மதத்துப் பிள்ளையோடு ஒரே வாளியில் துணி அலசுவீர்கள். தமிழ்வழியில் படித்தவளுக்கு, இரவு பதினோரு மணிக்கு ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் சொல்லித்தர அறைத்தோழி இருப்பாள். பஸ் பிள்ளைக்கோ கடைசி வண்டிக்கு ஓடவே நேரம் சரி.

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பெற்றோர் இருந்தால் பஸ். மற்றவர்கள், முதல் வருடமாவது, விடுதியில் சேருங்கள்.